போனுக்குள் இருந்த அம்மா

தம்பி,

இதைப் பேனாவால்தான் எழுதுகிறேன். போனில் அடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் போனில் போட்டதை நீ இனி எப்படி நம்புவாய்? அதுவும் போக, மருந்து ஏறி ஏறி விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கிறது. அந்தக் கண்ணாடியில் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறந்துகொள்கிறது. பேனா என்றால் பிடித்த பிடியில் நிற்கும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாலு வரி எழுதினால் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முந்தாநாள் தொடங்கினேன், இன்னும் முதல் பக்கத்திலேயே நிற்கிறேன். வெளியே ஆடிக் காற்று கதவை அடித்துக்கொண்டே இருக்கிறது, எழுந்து போய்க் கொண்டியைப் போடக்கூட அலுப்பாக இருக்கிறது. என்ன ஆனாலும் இன்றைக்கு முடித்து உங்கப்பாவிடம் கொடுத்துவிடுவேன். தேனியில் கூரியரில் போட்டால் நாளை மறுநாள் பெங்களூரில் உன் கையில் கிடைக்குமாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனி வேலைக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதும், நீ போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லவில்லை, உங்கப்பாவிடம்தான் சொன்னாய். “அம்மாவ எப்படி நம்பி விட்டுட்டுப் போறதுப்பா?” என்று கேட்டாயாமே. அதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நான் அந்த ஒரு வார்த்தையையே ரெண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். யாரை நம்பி விட்டுப்போவது என்று நீ கேட்டிருந்தால் எனக்குச் சங்கடமே இல்லை. உங்கப்பா இருக்கிறார், மதுரை ஆஸ்பத்திரி இருக்கிறது, பழனிசெட்டிபட்டியில் கூப்பிட்ட குரலுக்கு நாலு வீடு இருக்கிறது. நீ கேட்டது அதுவல்ல. அம்மாவை நம்பி என்று கேட்டாய். உனக்கு என் நோயைவிட என் பேச்சுதான் பயம். அப்படி ஆக்கிவிட்டவள் நான்தான். அதனால் நடந்ததை முதலிலிருந்து நானே சொல்லிவிடுகிறேன், பாதி உனக்குத் தெரிந்ததாக இருந்தாலும்.

எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன வாரம் நீ அழவில்லை. என் போனில் ஒரு ஆப்பைத்தான் இறக்கினாய். ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்த அன்றே, குமுளிப் பக்கத்திலிருந்து வந்த நர்ஸ் லிஸி அதைப் பற்றிச் சொன்னதும், என் போனை வாங்கிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் குனிந்தபடி இருந்தாய். காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் மணி அடிக்கும். காய்ச்சல் எவ்வளவு, வலி பத்துக்கு எத்தனை, வாயில் புண் உண்டா, மாத்திரை போட்டாச்சா, தண்ணீர் எத்தனை டம்ளர். சிரிக்கிற மூஞ்சியிலிருந்து அழுகிற மூஞ்சி வரை அஞ்சு மூஞ்சி. கடைசியில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று ஒரு கட்டம். எல்லாம் சரி என்றால் திரை பச்சையாகும், கொஞ்சம் சரியில்லை என்றால் மஞ்சள், காய்ச்சல் நூறைத் தாண்டினால் சிவப்பு. அது லிஸியின் மேசைக்கும் போகும், உன் போனுக்கும் வரும். ‘இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?’ என்று அது கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். உணர்கிறீர்களாம்! நம் பக்கம் யார் அப்படிக் கேட்கிறார்கள்? உடம்புக்கு எப்படி இருக்கு என்று கேட்பார்கள், நல்லா இருக்கேன் என்போம், பஸ் வந்துவிடும், ஏறிப் போய்விடுவோம்.

முதல் மருந்து ஏற்றிய மாதம் நான் உள்ளதைத்தான் போட்டேன், அதை மறந்துவிடாதே. வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்க முடியவில்லை. புண் உண்டு, வலி ஆறு என்று போட்டேன். மஞ்சள் வந்தது. மறுநாள் விடிவதற்குள் நீ பஸ் பிடித்து வாசலில் வந்து நின்றாய், சட்டை கசங்கி, பல்கூடத் தேய்க்காமல். லிஸி அதற்குள் போனில் கூப்பிட்டு, இன்ன மருந்து வாங்கி வாய் கொப்பளியுங்கள் என்று சொல்லி, நான் கொப்பளித்தும் ஆகிவிட்டது. அடுத்த வாரம் வயிற்றுப்போக்கு என்று போட்டேன், மறுபடி வந்தாய். மூன்றாவது தடவை ஒன்றுமே இல்லை, அசதி என்று நாலாவது மூஞ்சியைத் தொட்டேன், அதற்கும் வந்தாய். அன்றைக்கு மாடிப்படியில் நின்று உன் மேலாளரிடம் நீ கெஞ்சிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். “சார், இதான் கடைசி சார், இனிமே இப்படி லீவு எடுக்க மாட்டேன் சார்.” உன் வாயிலிருந்து அத்தனை சார் வந்து நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியபோதுகூட நீ அப்படிக் கெஞ்சியவன் இல்லையே! எனக்கு வாய்ப்புண்ணைவிட அது எரிந்தது. அன்று சாயந்தரம் ஏழு மணிக்கு அது கேட்டபோது சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டேன். காய்ச்சல் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு, வலி பூஜ்யம். திரை பச்சையானது. நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு கும்பிடு படம் அனுப்பினாய்.

இது எனக்குப் புதிய வேலை இல்லை, தம்பி. இதைத்தான் உன்னிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சின்னமனூர்ப் பக்கத்து ஊரில் பால்வாடி டீச்சராக இருந்த இத்தனை வருஷத்தில் நான் நிரப்பாத நோட்டு உண்டா? கடைசிச் சில வருஷம் நோட்டு போய் போன் வந்தது. பிள்ளைகளின் எடையை அதில் போட வேண்டும். எடை சரியாக இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் மேலேயிருந்து போன் வரும், ஏன், என்ன, எப்போதிருந்து என்று. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி நான் பச்சைக்குப் பழகிப்போனேன். எடைமெஷினில் பிள்ளையை உட்காரவைக்காமலே, இடுப்பில் தூக்கிப் பார்த்து எடை சொல்வேன், அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. வராத பிள்ளைக்குப் போன மாத எடையில் இருநூறு கிராம் கூட்டிப் போட்டுவிடுவேன். வளர்கிற பிள்ளைதானே, கூடித்தானே இருக்கும் என்று.

பவித்ரா என்று ஒரு பெண் குழந்தை. அப்பனும் ஆத்தாளும் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரர்கள். பழம் வெட்டு நேரம் வந்தால் தோட்டத்துக் கொட்டகையிலேயே தங்கிவிடுவார்கள். அந்தத் தடவை ரெண்டு மாதம் பிள்ளை வரவில்லை. நான் ரெண்டு மாதமும் இருநூறு இருநூறாகக் கூட்டி வைத்தேன். ஒருநாள் அவள் ஆத்தா தூக்கிக்கொண்டு வந்தாள். கை கால் எல்லாம் குச்சி, கண் மட்டும்தான் இருந்தது. பேதி நிற்காமல் போயிருக்கிறது, கேட்க நாதியில்லை. என் போனில் பிள்ளை பச்சையாக வளர்ந்துகொண்டிருந்தாள். அப்போதே ஆட்டோ பிடித்துத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், கூடவே நாலு நாள் கிடந்தேன். பிழைத்துக்கொண்டாள். அந்தப் பெண் என் ரெண்டு கையையும் பிடித்து, “டீச்சரு, நீங்க இல்லைன்னா எம்புள்ள இல்ல” என்று அழுதாள். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கப்பாவுக்குக்கூட இது தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், அதுவும் இப்போதுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்று மாதம் தம்பி, காலையும் மாலையும் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு. தெர்மாமீட்டர் டப்பாவைத் திறக்கவே இல்லை. சில வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து, பழைய நோட்டை நிரப்புகிற மாதிரி மளமளவென்று நிரப்பிவிடுவேன். மாத்திரைக்கு நேராக டிக் போடுவேன். அதில் ஒரு மாத்திரை குடலைப் பிரட்டியது, அதை முழுங்காமல் வெல்ல டப்பாவில் போட்டுவைத்தேன். வாய்ப்புண் இல்லை, தண்ணீர் பத்து டம்ளர். டாக்டர் நேரில் கேட்டபோதும் நல்லா இருக்கேன் சார் என்றேன். உடம்பு ஒருபக்கம் இற்றுக்கொண்டே போனது. குளிக்கப் போனால் வாளியைத் தூக்க முடியாது, செம்பு செம்பாக மொண்டு ஊற்றிக்கொள்வேன். நீ மாலையில் கூப்பிட்டு, “என்னம்மா, இன்னைக்கும் பச்சையா? கில்லாடிம்மா நீ” என்பாய். அதைக் கேட்கத்தான் அத்தனையும். உன் குரலில் அந்தப் பதற்றம் இல்லாமல் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

நாலாவது மருந்து ஏற்றி ஒன்பதாம் நாள் காலை, ஜெர்மனிக்காரர்களோடு உனக்குக் கடைசிப் பேச்சு என்று சொல்லியிருந்த அதே நாள், எழுந்திருக்கும்போதே உடம்பு நெருப்பாக இருந்தது. உங்கப்பா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு அவரே தெர்மாமீட்டரை எடுத்துவந்தார். “என்னடி இது, நூத்தி ஒண்ணு காட்டுது! பயலுக்குச் சொல்லிருவோமா?” என்றார். “மூச்சு விடக்கூடாது. இன்னைக்கு அவனுக்கு முக்கியமான நாளு” என்றேன். “சரி, நர்ஸம்மாவுக்காவது ஒரு போனப் போடுவோம். ரத்தத்துல கவுண்டு கொறஞ்சிருக்க நேரத்துல காய்ச்சல் வந்தா ஒடனே வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாகல்ல?” என்று அவர் கெஞ்சினார். “அவுகளுக்குச் சொன்னா இவனுக்கும் போயிரும். ஒரு மாத்திரையப் போட்டா அடங்கிரும், சாயந்தரம் பாத்துக்கிரலாம். நான் சொன்னத மீறி யாருக்காச்சும் சொன்னீகன்னா, இன்னையோட மருந்தையே நிறுத்திருவேன், ஆமா” என்று மிரட்டி, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஜெயமங்கலம் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர் வண்டியை எடுக்கும்போது ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போனில் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு என்று போட்டேன்.

மத்தியானம் நீ கூப்பிட்டாய். “அம்மா, கெடச்சிருச்சும்மா!” என்று கத்தினாய். நான் ரெண்டு போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு, “சந்தோசம்யா” என்றேன். குரல் நடுங்கியதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு பாத்ரூமுக்குப் போக எழுந்தது வரைக்கும்தான் ஞாபகம். மனது கேட்காமல் உங்கப்பா பாதி வேலையிலேயே திரும்பி வந்ததால் நான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். காரில் உசிலம்பட்டி தாண்டும்போது ஒரு தடவை கண் விழித்தேன், அவர் என் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தார். அவர் மேல் நீ கோபப்பட்டாய், ரெண்டு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது தப்பு. அவர் சொல்லத்தான் பார்த்தார். வாயை அடைத்தவள் நான்.

ஐசியூவில் எனக்கு நினைவு திரும்பிய நாள் உனக்கு மறந்திருக்காது. முகமூடி போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். என் போன் உன் கையில். கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாய். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “எல்லாமே பச்சையா இருக்கேம்மா” என்றாய். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம் நீ. அதற்குப் பிறகும் ஒருநாளும் திட்டவில்லை. லிஸிதான் கேட்டாள், “அம்மே, மூணு மாசம் ஒரே நம்பர் தானே? தெர்மாமீட்டர் கேடு வந்துச்சா?” என்று. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதை உனக்குச் சொல்லவில்லை. வார்டுக்கு மாற்றிய அன்று வெல்ல டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி அவரிடமே கொடுத்துவிட்டேன். மனுஷர் அதை மூடிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “மூணாவது தடவை முடிஞ்சப்பவே மருந்தக் கொறைக்கணுமான்னு யோசிச்சேன்மா. போன்ல பாத்தேன், காய்ச்சல் இல்ல, வாய்ப்புண் இல்ல. உங்களக் கேட்டேன், நல்லா இருக்கேன்னீங்க. சரி, உடம்பு தாங்குதுன்னு முழு மருந்தையும் எழுதிட்டேன். நான் எழுதுனது உங்களுக்கு இல்லம்மா. அந்த போனுக்குள்ள ஒரு அம்மா இருந்தாக பாருங்க, அவுகளுக்கு. அவுக நல்லாத்தான் இருந்தாக” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குப் பவித்ராவின் கண் ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் தம்பி, இந்த நோய் வந்த பிறகு முதல்தடவையாக வாய்விட்டு அழுதேன்.

அந்த வார்டில் என் பக்கத்துக் கட்டில் ஜெயமங்கலத்துப் பேச்சியம்மா. நீ பார்த்திருப்பாய், மூக்குத்தி போட்டு, ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். எனக்கு வந்த அதே நோய்தான், என்னைவிட ஆறு மாதம் மூத்த நோய். அதற்கு ஆப்பு கீப்பு எதுவும் கிடையாது, பட்டன் போன்தான். வீட்டிலிருந்து காலையில் லிஸியைக் கூப்பிட்டுச் சொல்லுமாம், லிஸி தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வாளாம். வார்டில் படுத்திருந்தபோதும் அதே கதைதான். எட்டுக் கட்டில் தள்ளி நிற்கிற லிஸியைப் பார்த்து, “ஆத்தா லிஸி, நேத்துலருந்து தண்ணிகூட எறங்கல. முதுகெலும்பு விண்ணு விண்ணுங்குது. எனக்குப் பயமா இருக்குத்தா” என்று கத்தும். எனக்குக் கூசும். ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஏங்க்கா, இப்படிச் சத்தம் போட்டுச் சொல்றீக, நாலு பேரு கேக்குறாகல்ல?” என்று. “கேக்கட்டுமே. வலி எனக்கு, வெக்கம் ஒனக்கா? சும்மா கெட டீச்சரு” என்றது. வார்டே சிரித்தது. நான் அதைப் படிக்காத பொம்பளை என்று மனதுக்குள் இளக்காரமாக நினைத்தவள். ஆனால் பார், ஒவ்வொரு தடவையும் அதற்கு முதல் நாளே வைத்தியம் நடந்திருக்கிறது. ஐசியூ வாசலை அது மிதித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நீ கூடத்தில் டிவிக்கு மேலே கேமரா மாட்டினாய். உங்கப்பா வேட்டி மாற்றும்போதெல்லாம் அதன் மேல் துண்டைப் போட்டு மூடுகிறார். உடனே நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, “என்னப்பா, இருட்டாயிருச்சு?” என்கிறாய். இந்த வயதில் மனுஷருக்கு இது தேவையா! நான் சாப்பிட்டேன் என்றால் தட்டைக் காட்டச் சொல்கிறாய். மாத்திரை போட்டேன் என்றால் அட்டையைப் படம் எடுக்கச் சொல்கிறாய். காய்ச்சல் இல்லை என்றால் தெர்மாமீட்டரைப் படம் எடுக்கச் சொல்கிறாய். முதல் வாரம் எனக்குக் கோபம் வந்தது. பெற்ற தாயைக் கள்ளியாகப் பார்க்கிறானே என்று இருந்தது. பிறகு யோசித்தேன், நியாயம்தானே. உன்னை மூன்று மாதம் ஏமாற்றியவளை நீ வேறு எப்படிப் பார்ப்பாய்? ஆனால் அலுப்பாக இருக்கிறது, தம்பி. நோய்க்கு ஒரு அலுப்பு, மருந்துக்கு ஒரு அலுப்பு, நம்பவைப்பதற்கு ஒரு அலுப்பு. மூன்றையும் சுமக்க உடம்பில் தெம்பு இல்லை.

உன்னையும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ ஓடி வந்த ஓட்டத்தில்தான் நான் பொய் சொல்லப் பழகினேன். பழியை உன் மேல் தள்ளவில்லை, பொய் என்னுடையதுதான். ஆனால் வாய்ப்புண்ணுக்கும் பஸ், அசதிக்கும் பஸ் என்றால், நான் எந்த உண்மையைத்தான் உன்னிடம் சொல்வது? மஞ்சளைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்பது லிஸிக்குத் தெரியும். அவள் கூப்பிடுவாள், நான் செய்வேன், சிவப்பு என்றால் உங்கப்பா காரைக் கூப்பிடுவார். நீ வந்து நின்றுதான் என் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று இல்லை. நீ பார்த்தால் போதும். பார்த்துவிட்டு உனக்குக் கஷ்டமாக இருந்தால் கஷ்டப்படு, அதை நான் தடுக்க முடியாது. அப்படியே உன் வேலையையும் பார். ஜெர்மனியிலிருந்தும் பார்க்கலாம், அந்தத் திரை அங்கேயும் தெரியும்தானே? அடுத்த மருந்து வியாழக்கிழமை ஏற்றுகிறார்கள், பாதி அளவுதான். பிழைத்துவிடுவேனா என்று எனக்குத் தெரியாது. டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அதற்காக நீ மருந்து முடிகிற ரெண்டு வருஷமும் இந்தக் கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், நான் மறுபடியும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வேன். என் சுபாவம் எனக்குத் தெரியாதா?

மேலே உள்ளதை நேற்று எழுதினேன், நேற்றே முடிக்கத் தெம்பில்லை. இன்று காலை ஏழு மணிக்கு அது கேட்டது. டப்பாவைத் திறந்து, தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொண்ணூற்றொன்பதுப் புள்ளி ஆறு. அதையே போட்டேன். வலி அஞ்சு. விரல் மரத்துப்போனதற்கும் ஒரு கேள்வி அதில் இருக்கிறது, இத்தனை நாள் படிக்கவே இல்லை, அதற்கும் ஆமாம் போட்டேன். மூஞ்சியில் நாலாவதைத் தொட்டேன். கடைசிக் கட்டம் வந்தது, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று. அதில் நான் ஒருநாளும் எழுதியதில்லை. பேச்சியம்மாவை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ‘பயமா இருக்கு’ என்று அடித்தேன். எட்டிப் பார்த்த உங்கப்பா, “அதையா அனுப்பப்போற? பய பதறிருவானேடி” என்றார். “பதறட்டும். பதறிட்டு வேலையப் பாக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினேன். திரை மஞ்சளானது. ‘பதிவு செய்யப்பட்டது, நன்றி’ என்றது அது.

அரை மணியில் லிஸி கூப்பிட்டு, மத்தியானம் மறுபடி காய்ச்சல் பார்க்கச் சொன்னாள், விரலுக்கு மாத்திரை மாற்றித் தரச் சொல்கிறேன் என்றாள். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீ பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியிருப்பாய் என்றே நினைத்தேன். அனுப்பியிருக்கக்கூடாதோ என்றுகூட இருந்தது. ஒன்பதரைக்கு உன் மெசேஜ் வந்தது. ‘பாத்துட்டேன்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இப்ப மீட்டிங், மத்தியானம் கூப்பிடுறேன்.’

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. உங்கப்பா, “என்னடி, அழுகுற?” என்றார். ஒண்ணுமில்ல என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், பழக்கதோஷம். சொல்லாமல் போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் போனை என் மடியில் வைத்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, கேமரா மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது” என்றார்.

திங்கட்கிழமை அவர்களிடம் வருகிறேன் என்று சொல்லிவிடு. இங்கே காலை ஏழு மணி அடிக்கும்போது அங்கே விடிந்திருக்காது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் எழுந்தபிறகு பார். என்ன நிறத்தில் இருந்தாலும், அதைப் போட்டது நானாகத்தான் இருக்கும்.

உள்ளதை எழுதி முடித்த அலுப்போடு,
உன் அம்மா